ஈர நெல்லு மேலே வரட்டும்

சம்மாந்துறையில் நெல் ஆலை நடத்தும் நண்பர், பெரும்போக அறுவடை மும்முரத்தில் கேட்டார்: "மச்சான், ஈர நெல்லு எண்டா ஈரம் கூடினது மேல வரவேணும். காஞ்சது எண்டா முந்தி வந்தது மேல வரவேணும். ஒரே லிஸ்டில ஏலுமா?"

ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டிய நெல்லை உடனே காயப்போடாவிட்டால் மூடைக்குள் சூடேறி அரிசி மஞ்சளித்துவிடும். காய்ந்தது காத்திருக்கும். ஆகவே கேள்வி நியாயமானதுதான்.

அவர் கேட்ட லிஸ்ட் வருவது தரவுத்தளத்திலிருந்து. தரவுத்தள அட்டவணைக்கு இயல்பாக வரிசை கிடையாது. 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் முன்வைத்த மாதிரியில் அது நிரைகளின் வெறும் கூட்டம். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் 'ஆர்டர் பை' போட்டால்தான் ஒழுங்கு. அதன் பின்னால் நிரலின் பெயர்தான் வரவேண்டும் என்றில்லை, 'கேஸ்' என்ற கணக்கும் வரலாம். அது நிபந்தனைகளை மேலிருந்து பார்த்து, முதலில் பொருந்தியதன் விடையைத் தரும்.

மூன்று கேஸ் எழுதினேன். ஈரமென்றால் 0, இல்லையேல் 1. ஈரமென்றால் மட்டும் ஈரப்பதன், இறங்குவரிசையில். காய்ந்ததென்றால் மட்டும் வந்த திகதி, ஏறுவரிசையில். பொருந்தாத இடம் வெற்று, அதாவது மதிப்பே இல்லாதது. 22 வீத நெல்லின் நெற்றியில் '0, 22, வெற்று' என்றும், மார்ச் 3 வந்த காய்ந்த நெல்லுக்கு '1, வெற்று, மார்ச் 3' என்றும் கண்ணுக்குத் தெரியாத சீட்டு ஒட்டப்படும். அடுக்கப்படுவது அந்தச் சீட்டுகள்தான். முதல் எண் சமமானால்தான் அடுத்ததைப் பார்க்கும். ஈரப்பதனையும் திகதியையும் ஒரே கேஸுக்குள் திணித்தால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் மறுத்துவிடும். விடைகள் ஒரே வகையாக இருக்கவேண்டும்.

இரண்டு நாள் எல்லாம் சரி. பிறகு ஒரு டிராக்டர் லோட் பட்டியலின் அடியில் கிடந்தது. தொட்டால் கை நனையும் நெல்லு. மீட்டர் வைக்க மறந்து, ஈரப்பதனை வெற்றாக விட்டிருந்தார்கள். பிழை என்னுடையதே. வெற்று 14ஐவிடப் பெரிதா என்றால் எஸ்கியூஎல் 'ஆம்' என்றும் சொல்லாது, 'இல்லை' என்றும் சொல்லாது. ஆம் இல்லாததால் 'இல்லையேல்' பக்கம் விழுந்து, காய்ந்ததோடு சேர்ந்துவிட்டது. தானாக மேலே வரும் என்றும் நம்பமுடியாது: ஏறுவரிசையில் மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் வெற்றை முதலில் வைக்கும், போஸ்ட்கிரெஸ் கடைசியில்.

இப்போது முதல் கேஸின் முதல் நிபந்தனையே 'ஈரப்பதன் வெற்றா?' என்பதுதான். அளக்காததுக்கு 0, ஈரத்துக்கு 1, காய்ந்ததுக்கு 2. அளக்காத மூடைகள் உச்சியில் வந்து நிற்கின்றன, யாராவது மீட்டரை எடுத்துக்கொண்டு போகும்வரை.