பழைய மோனோ பாட்டு ஸ்டீரியோ ஆவது எப்படி?

1960-களின் பாப் பாடல் தொகுப்பை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஒரு பாட்டில் டிரம்ஸ் இடப்பக்கம், கிட்டார் வலப்பக்கம் என விரியும். அடுத்த பாட்டு நடுமண்டையில் ஒரே புள்ளியாக நிற்கும். முன்னது ஸ்டீரியோ, பின்னது மோனோ. எந்த டேப் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் இது.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் மூன்று, நான்கு டிராக் (தனித்தனி ஒலித் தடம்) கொண்ட டேப்பில் பதிவு செய்து, கடைசியில் மோனோவாகக் கலந்துவிடுவார்கள். ஏஎம் ரேடியோவுக்கு அது போதும். கலந்த டேப் மட்டும் கையில் இருந்தால் சிக்கல்தான். 1961-இல் கேபிடல் நிறுவனம் 'டியூவோபோனிக்' என்று ஒரு குறுக்குவழி கண்டது. தாழ்ந்த ஒலிகளை ஒரு பக்கமும் உயர்ந்தவற்றை மறுபக்கமும் தூக்கலாக வைத்து, ஒரு பக்கத்தைத் துளி தாமதமாக ஓடவிட்டார்கள். என் காதுக்கு அது கிணற்றுக்குள் பாடுவது போலத்தான் இருக்கிறது.

நேர்மையான வழி, கலப்பதற்கு முந்தைய டேப்பைத் தேடுவது. பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம் 1966-இல் மோனோவாக வந்தது. அதைத் தயாரித்த பிரையன் வில்சனுக்கு ஒரு காது கேட்காமல் இருந்தது! வாத்தியங்களை ஒரு டேப்பில் பதிந்து, கலந்து, இன்னொரு டேப்பின் ஒரே டிராக்கில் ஏற்றி, மீதி டிராக்குகளில் குரல்களைச் சேர்த்திருந்தார்கள். 1997-இல் வெளியான ஸ்டீரியோவுக்காக முதல் டேப்பின் வாத்தியங்களையும் இரண்டாம் டேப்பின் குரல்களையும் ஒன்றாக ஓடவிட்டார்கள்.

சொல்ல எளிது. டேப் மெஷின்களின் வேகம் 0.1 சதவீதம் மாறினாலே, இரண்டரை நிமிடப் பாட்டின் முடிவில் குரல் 150 மில்லிசெகண்ட் தள்ளிப்போய்விடும். அது காதில் அப்பட்டமாக உறுத்தும். அதனால் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பொருத்த வேண்டும். மோனோவாகக் கலக்கும்போதே நேரடியாகச் சேர்த்த கைதட்டல் போன்றவை முந்தைய டேப்பில் இருக்கவே இருக்காது.

முந்தைய டேப்பே இல்லையென்றால்? பீட்டில்ஸின் 'ஷி லவ்ஸ் யூ' அப்படித்தான். மோனோ மட்டுமே மிஞ்சிய அந்தப் பாட்டு, 2023-இல் வந்த தொகுப்பில் இயந்திரக் கற்றல் வழியாகப் பிரிக்கப்பட்டு ஸ்டீரியோ ஆனது. இம்மாதிரி மென்பொருள்கள் பலவும் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் குரலின் பங்கு எவ்வளவு, டிரம்ஸின் பங்கு எவ்வளவு என்று கணிக்கின்றன. பாடகர் 'ஸ்' என்று உச்சரிக்கும் இடம்தான் வம்பு. டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலும் அதே உயர் அதிர்வெண்களில்தான் ஒலிக்கிறது. பிரித்த குரலைத் தனியாகக் கேட்டால் சிம்பலின் சலசலப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பது சில சமயம் தெரியும். டிரம்ஸைத் திரும்பச் சேர்த்ததும் அது அடியில் மறைந்துவிடும். ஆனால் குரலையும் டிரம்ஸையும் இரண்டு ஓரங்களுக்கு இழுத்து வைத்தால் மறுபடி எட்டிப்பார்க்கும்.