அவுட்சோர்சிங்: வெளிமூலமா, அயல்பணியா?

சிங்கப்பூரின் தேக்காவில் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, அளவெடுத்த அண்ணன் துணியை மடித்துப் பையில் போட்டபடி, "ஆரி வேலை மட்டும் வெளிய குடுத்துடுவோம்மா, வெள்ளிக்கிழமை வாங்க" என்பார். அவுட்சோர்சிங் என்ற சொல் அவர் வாயில் வராது. தன் வேலையில் ஒரு பகுதியை வெளியாரிடம் கொடுத்துச் செய்விப்பதுதான் அது. அவர் செய்வதும் அதுதான்.

ஆங்கிலத்தில் இது 1980களில் பரவிய சொல். 1989இல் புகைப்படச் சுருள் நிறுவனமான கோடாக் தன் கணினி மையங்களின் வேலையைக் கணினி நிறுவனமான ஐபிஎம்மிடம் விட்டதும் சொல்லுக்கு மவுசு கூடியது. அவுட் என்றால் வெளி. சோர்ஸ், பழைய பிரெஞ்சு வழியாக வந்த 'ஊற்று'. வெளி ஊற்றில் நீர் எடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் வாங்குவதைச் சொல்கிறது. நம் பேச்சுத் தமிழ் கொடுப்பதைச் சொல்கிறது. இதைக் கவனிக்காமல் 'வெளிமூலம்' என்று பெயர்த்தால் சித்த வைத்தியரைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, வேறு என்ன இருக்கிறது? 'புறத்திறனீட்டம்' நாக்கில் புரளாது. 'அயலாக்கம்' கேட்க நன்றாக இருந்தாலும் அந்நியமாக்குவது போல ஒலிக்கிறது. 'அயல்பணி ஒப்படைப்பு' பரவாயில்லை, ஆனால் ஒப்படைத்தால் பொறுப்பும் கைமாறிவிடும். வங்கி தன் வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதே என்கின்றன சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்புகள். அதனால் வாலை நறுக்கி 'அயல்பணி' என்பேன்.

அயல் என்பது பக்கத்து வீட்டையும் குறிக்கும், வேற்று நாட்டையும் குறிக்கும். இந்த ஊருக்கு இரண்டும் வேண்டும். சம்பளக் கணக்கை இங்கேயே பாய லேபாரில் ஒரு சிறு நிறுவனத்திடம் கொடுத்தாலும் அயல்பணிதான், மென்பொருள் சோதனையைப் பெங்களூருக்கு அனுப்பினாலும் அயல்பணிதான். (எல்லை தாண்டினால் மட்டுமே ஆஃப்ஷோரிங்; பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) 1989இல், அப்போது துணைப் பிரதமராக இருந்த கோ சோக் தோங் முன்வைத்த வளர்ச்சி முக்கோணம் சிங்கப்பூர், மலேசியாவின் ஜொகூர், இந்தோனேசியாவின் ரியாவ் மூன்றையும் இணைத்தது. இங்கே இடம் குறைவு, கூலி அதிகம். அங்கே நிலமும் ஆளும் உண்டு. அப்போது போனது தொழிற்சாலை வேலை. இப்போது படகில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய, ரியாவ் பக்கத்துத் தீவான பாத்தாமின் நோங்சா டிஜிட்டல் பூங்காவில் நிரல் எழுதுகிறார்கள். ஜொகூருடனான சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது.

போன வாரம் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், "எங்கள் சர்வர் பராமரிப்பு அயல்பணிக்குப் போய்விட்டது" என்று எழுதிப் பார்த்தேன். "ஓ, வெளிய குடுத்துட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.