நாடாளுமன்ற உறுப்பினரின் சிறப்புரிமைகள்: கடலூர் வாக்காளர் அறிய வேண்டியவை

கடலூர் மக்களவைத் தொகுதியில் திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் ஆகியவை இதே மாவட்டத்தில் இருந்தாலும் சிதம்பரம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவை என்பதால், மனு எழுதுவோர் தம் உறுப்பினர் யார் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அரசியலமைப்பின் 105ஆவது பிரிவு உறுப்பினருக்கு வழங்கும் சிறப்புரிமைகளுள் தலையாயது அவையில் பேசும் சுதந்திரம். அவையிலோ அதன் குழுக்களிலோ பேசியதற்காகவும் வாக்களித்ததற்காகவும் அவர்மீது எந்த நீதிமன்றத்திலும் நடவடிக்கை எடுக்க முடியாது. எடுத்துக்காட்டாக, கடலூர் சிப்காட்டில் இயங்கும் ஓர் ஆலையின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுவிட்டதாக அவர் மக்களவையில் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினாலும் அந்நிறுவனம் அவதூறு வழக்குத் தொடர இயலாது. அவ்வுரையைத் தீய நோக்கமின்றி உள்ளபடி வெளியிடும் நாளிதழுக்கும் 361அ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. அதே சொற்களை மஞ்சக்குப்பம் மைதானத்தில் மேடையேறிப் பேசினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவைக்குள்ளும் எல்லைகள் உண்டு: ஒருவர்மீது அவதூறான குற்றச்சாட்டைக் கூறுமுன் சபாநாயகருக்கும் உரிய அமைச்சருக்கும் முன்னறிவிப்புத் தர வேண்டும்; நீதிபதிகளின் நடத்தையைப் பதவிநீக்கத் தீர்மானத்தின்போது மட்டுமே விவாதிக்கலாம்.

கைதிலிருந்து கிடைக்கும் விலக்கு உரிமையியல் வழக்குகளுக்கு மட்டுமே உரியது. கூட்டத்தொடரின்போதும் அதற்கு முன்னும் பின்னும் 40 நாள்களும் அது செல்லும். குற்றவியல் வழக்கில் மற்றவர்களைப் போலவே உறுப்பினரையும் கைது செய்யலாம். ஆனால் அதைச் சபாநாயகருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கையூட்டுப் பெற்று அவையில் வாக்களித்தவருக்கும் பாதுகாப்பு உண்டு என்ற 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பை, உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச் 4 அன்று மாற்றியது. காலந்தாழ்ந்து வந்தாலும் மிகவும் தேவையான தீர்ப்பு இது.

வாக்காளருக்கு நேரடியாகப் பயன்படுவது உறுப்பினரின் கேள்வி கேட்கும் உரிமையே. நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் நிலக்கரி அமைச்சகத்தின்கீழ் வருவதால், நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட வேலை, இழப்பீடு குறித்து அந்த அமைச்சரிடமே விளக்கம் கேட்கலாம். இதற்குக் குறைந்தது 15 முழு நாள்கள் முன்னறிவிப்புத் தேவை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் மக்களவையில் நாளொன்றுக்கு 20 பட்டியலிடப்படும். அவற்றுக்கு அமைச்சர் அவையிலேயே விடையளிப்பார், துணைக் கேள்வியும் எழுப்பலாம். குறியில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்துமூலம் பதில் வரும். பொத்தாம் பொதுவாகக் கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்ற அளவில் பதில் முடிந்துவிடக்கூடும். ஆகவே கிராமத்தின் பெயர், நிலம் எடுக்கப்பட்ட ஆண்டு, விடுபட்ட குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்த கடிதத்தைக் கூட்டத்தொடர் தொடங்குவதற்குப் போதிய காலம் முன்னதாகவே உறுப்பினர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். பதில்கள் மக்களவை இணையதளத்தில் வெளியாகின்றன; அவற்றை அச்செடுத்து, மாவட்ட ஆட்சியருக்கு அளிக்கும் அடுத்த மனுவுடன் இணைக்கலாம்.