கொடி சுற்றியிருக்கிறதா என்பதைவிட முக்கியமான கேள்வி

ஸ்கேன் அறையில் நான் அதிகம் கேட்கும் கேள்வி, "கொடி கழுத்தைச் சுத்தியிருக்கா டாக்டர்?" என்பதுதான். நான்கைந்து குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் பிறக்கிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இன்று சுற்றியிருப்பது அடுத்த வாரம் விலகியும் போகும். தொப்புள்கொடி பற்றிக் கேட்க வேண்டியது வேறு: அதற்குள் ரத்தம் சரியாக ஓடுகிறதா?

கொடியில் ஒரு சிரை, இரண்டு தமனிகள். கருப்பையில் ஒட்டியிருக்கும் நஞ்சிலிருந்து (பிளாசென்டா) பிராணவாயுவும் சத்தும் சிரை வழியாகக் குழந்தைக்கு வரும். குழந்தையின் ரத்தம் தமனிகள் வழியாக நஞ்சுக்குத் திரும்பும். ரத்த ஓட்டத்தை அலைகளாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் நாங்கள் அளப்பது தமனியை. இதயம் சுருங்கும்போது அலை உயரும், விரியும்போது இறங்கும். இறங்கினாலும் அடிக்கோட்டைத் தொட்டுவிடக் கூடாது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவிலும் ரத்தம் நஞ்சை நோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நஞ்சின் நுண்குழாய்கள் கெடக் கெட அந்த இடைப்பட்ட ஓட்டம் குறையும், பிறகு நின்றுபோகும், முற்றினால் பின்னோக்கித் திரும்பும். அப்படித் திரும்பிய அலையைப் பார்த்தால் நான் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருப்பதில்லை. அங்கிருந்தே மகப்பேறு மருத்துவருக்கு போன் போட்டுவிடுவேன்.

இந்த அளவை எடுக்கச் சற்று நேரமாகும். குழந்தை மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தால் அலைகள் ஒன்றுபோல் வராது, அது ஓயும்வரை பொறுக்க வேண்டும். கொடியில் எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். குழந்தையின் வயிற்றுப் பக்கம் அளந்தால் ரத்த ஓட்டத்துக்கான எதிர்ப்பு கூடுதலாகவும், நஞ்சுப் பக்கம் குறைவாகவும் காட்டும். அதனால் நடுவில் மிதக்கும் பகுதியைத் தேடிப் பிடிப்போம். டாக்டர் ஒரே இடத்தில் நெடுநேரம் பார்க்கிறாரே என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம் எடை. தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றின் அளவுகளைச் சூத்திரத்தில் போட்டு மெஷின் தரும் கணக்கு அது, தராசில் நிறுத்ததல்ல. 10 முதல் 15 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 2000 கிராம் என்று வந்தால் உண்மையில் 1700ஆகவும் இருக்கலாம், 2300ஆகவும் இருக்கலாம். ஒரு வார இடைவெளியில் இரண்டு இடங்களில் ஸ்கேன் எடுத்து, எடை ஏறவே இல்லை என்று கலங்குவதில் அர்த்தமில்லை. வளர்ச்சியை ஒப்பிடக் குறைந்தது 2 வாரம் வேண்டும், 3 வாரம் என்றால் இன்னும் நல்லது.

நான் முதலில் பார்ப்பது குழந்தையின் வயிற்றுச் சுற்றளவை. சத்து குறைந்தால் கல்லீரலில் சேமிப்பு குறைந்து வயிறுதான் முதலில் பின்தங்கும். ரத்தம் மூளைக்குத் திருப்பிவிடப்படுவதால் தலை பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் ஸ்கேன் கருவியை அழுத்திப் பிடித்தால் வட்டமான வயிறு நீள்வட்டமாகிவிடும், அளவும் பிசகும்.

அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. 34 வாரத்தில் குழந்தையின் அளவு 31 வாரத்துக்கு உரியதாக வரும். உடனே வீட்டில், "அப்போ பிரசவத் தேதி தள்ளிப்போயிருக்கு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இல்லை. முதல் 3 மாதத்து ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்து குறித்த தேதிதான் கடைசிவரை தேதி. அதை மாற்றினால், குழந்தை 3 வாரம் பின்தங்கியிருப்பது கணக்கிலிருந்தே மறைந்துவிடும். அந்த முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்து ஒவ்வொரு முறையும் கொண்டுவாருங்கள்.

சிறிய குழந்தை எல்லாமே நலிந்த குழந்தை அல்ல. பெற்றோர் சிறிய உடல்வாகு என்றால் குழந்தையும் அப்படி இருக்கலாம். பத்தாவது பெர்சென்டைலுக்குக் கீழே, அதாவது அதே வாரத்துக் குழந்தைகள் நூறில் மிகச் சிறிய பத்துக்குள் இருந்தாலும், வளர்ச்சி வரைபடத்தில் தன் கோட்டிலேயே சீராக ஏறிவந்து கொடியின் ஓட்டமும் நன்றாக இருந்தால் நிதானமாகக் கண்காணிக்கலாம்.

32 வாரத்துக்குப் பிறகு மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. அப்போது வளர்ச்சி குன்றினாலும் கொடியின் டாப்ளர் நார்மலாகவே காட்டக்கூடும். அதனால்தான் மூளைக்குப் போகும் தமனியையும் சேர்த்துப் பார்க்கிறோம். எந்த ஸ்கேனும் அன்றைய நிலையைத்தான் சொல்லும். நேற்று நார்மல் என்று வந்திருந்தாலும், இன்று அசைவு குறைந்ததாகத் தோன்றினால் இன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.