சிவப்பு அறையில் தோட்டம் எங்கே இருக்கிறது?

ஓவிய ரசனை வகுப்பில் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1908-இல் வரைந்த ‘சிவப்பு அறை’யைத் திரையில் காட்டும்போதெல்லாம், முதல் நிமிடத்திலேயே யாராவது ஒருவர் பொருள் சொல்லிவிடுகிறார்: ஜன்னலுக்கு வெளியே தெரிவது விடுதலை, உள்ளே குனிந்து பழம் அடுக்கும் பெண் வீட்டுவேலையில் சிறைப்பட்டவள். இது தவறென்று ஒதுக்க நான் விரும்பவில்லை. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே நம் கையில் தயாராக இருந்த விளக்கம் இது என்பதுதான் என் கவலை.

எனவே, மேசை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று விரலால் காட்டச் சொல்வேன். விரல் தயங்கும். மேசைவிரிப்பும் சுவரும் ஒரே சிவப்பு. இரண்டின்மேலும் அதே நீலப் பூக்கூடைகள், முறுக்கிக்கொண்டு ஏறும் அதே நீலக் கிளைகள். நடுவே மெல்லிய கோடு ஒன்றுதான் எல்லை. நிழலால் ஆழம் காட்டும் பழைய முறையை மத்தீஸ் கைவிட்டதால், அறை முழுவதும் ஒரே துணியாக நம் முன் விரிகிறது. அவரிடம் இருந்த ஓர் அச்சுத் துணியின் பூவேலைதான் அது. ஆனால் இங்கே அது கிளைபரப்பிச் சுவரில் ஏறுகிறது. ஜன்னலில் தெரியும் பச்சை நிலமும், வெள்ளைப் பூ பூத்த மரங்களும், சிறிய இளஞ்சிவப்பு வீடும் அசைவற்றுத் தட்டையாக, சுவரில் மாட்டிய படம்போல இருக்கின்றன. ஜன்னல்தானா, படமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஐயத்தை நான் தீர்த்துவைப்பதில்லை.

மாஸ்கோ வணிகர் செர்கெய் ஷுக்கின் தமது உணவறைக்காகக் கேட்டபோது இது நீல நிற ஓவியமாக இருந்தது. அனுப்புவதற்கு முன் மத்தீஸ் அதன்மேல் சிவப்பைத் தீட்டினார். நீலமாகவே இருந்திருந்தால் அறையும் தோட்டமும் ஒன்றோடொன்று இழைந்திருக்கும். சிவப்பின் பக்கத்தில் வந்ததால்தான் அந்தப் பச்சை இவ்வளவு குளிர்ச்சியாகத் தெரிகிறது என்று நான் கருதுகிறேன்.

இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள இந்த ஓவியம் ஏறக்குறைய 180 செ.மீ. உயரமும் 220 செ.மீ. அகலமும் கொண்டது. கைப்பேசித் திரையில் பார்ப்பவர்கள் இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படம் முழுமையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மாணவர்கள் ஒருமுறை கொண்டுவந்த அச்சுப் பிரதியில் இடப்பக்கத்து ஜன்னலும் அதன் கீழிருக்கும் நாற்காலியும் வெட்டப்பட்டிருந்தன. அதை வைத்துக்கொண்டு இயற்கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முயன்றது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சென்ற முறை விரலோட்டிப் பார்த்த ஒரு மாணவி, மேசைமேல் நீலக் கிளைகளுக்கிடையே சிதறிக்கிடந்த மஞ்சள் பழங்களில் விரலை நிறுத்திக் கேட்டார்: “மேடம், இந்தம்மா பழத்தை அடுக்குறாங்களா, கிளையிலிருந்து பறிக்கிறாங்களா?”