ஒரு ஜன்னல், ஒரு கை, ஐந்து செய்திகள்

காரின் பின்பக்க இடது இண்டிகேட்டர் பல்ப் ஃபியூஸ் போனது எனக்குக் காதால்தான் தெரிந்தது. வழக்கமாக 'டிக்... டிக்...' என்று நிதானமாகக் கேட்கும் சத்தம் அன்று இரண்டு மடங்கு வேகத்தில் படபடத்தது. அடுத்த திருப்பத்தில் இடப்பக்கம் போக வேண்டும். கண்ணாடியை இறக்கினேன். லைசென்ஸ் எடுக்கும்போது மனப்பாடம் செய்ததை நினைவுக்குக் கொண்டுவந்து, வலது கையை வெளியே நீட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றினேன். பின்னால் வந்த பைக்காரர் ஒரு நொடி தயங்கினார். அப்புறம் வேகமெடுத்து என்னைத் தாண்டிப் போனார். போகும்போது நன்றி சொல்வதுபோல் தலையை அசைத்தார். 'இடப்பக்கம் திரும்புகிறேன்' என்று நான் காட்டியதை 'முந்திக்கொண்டு போங்கள்' என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து இந்தக் கை சிக்னல்களைப் பற்றிக் கொஞ்சம் தீவிரமாகவே படித்துவருகிறேன்.

ஓட்டுநர்கள் இன்னும் இவற்றைக் கற்கிறார்களா? ஏட்டளவில் கற்கிறார்கள். திரும்புகிறவர் இண்டிகேட்டரால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அது இல்லாவிட்டால் முடிந்தவரை கையால் அறிவிக்க வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம் சொல்கிறது. இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டம், 121-ஆம் பிரிவில், சைகை காட்டுவதை ஓட்டுநரின் கடமை என்று வைத்துவிட்டு, திரும்புவதையும் நிறுத்துவதையும் மின்கருவியாலும் காட்டலாம் என்று அனுமதி தருகிறது. கலிஃபோர்னியாவில் ஓட்டுநர் தேர்வுக்குப் போனால், வண்டி கிளம்புவதற்கு முன்பே கை சிக்னல்களைச் செய்துகாட்டச் சொல்வார்கள். பிரிட்டனில் ஓட்டுநர் தேர்வு 1935-இல் கட்டாயமானது; 40 ஆண்டுகள் கழித்து, 1975-இல், கை சிக்னலைச் செய்துகாட்டும் பகுதியைக் கார் தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள். விதிப் புத்தகத்தில் படங்கள் மட்டும் இருக்கின்றன.

தேர்வுக்காகப் படித்து, தேர்வோடு மறப்பதுதான் பெரும்பாலோரின் கதை. எனக்கும் அன்று கை ஞாபகம் வைத்திருந்ததே ஆச்சரியம்தான்.

சரி, இந்தச் சைகைகள் ஏன் இந்த வடிவத்தில் இருக்கின்றன? ஒரே ஒரு நிபந்தனையை மனதில் வைத்தால் எல்லாம் விளங்கிவிடும். காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கைக்கெட்டும் ஜன்னல் ஒன்றுதான். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால் வலது கை வெளியே போகும். இடப்பக்கம் இருந்தால் இடது கை. மற்றொரு கை ஸ்டீயரிங்கை விட முடியாது. ஆக, வலம், இடம், வேகம் குறைப்பது, நிற்பது, பின்னால் வருபவரைப் போகச் சொல்வது என்று எல்லாவற்றையும் அந்த ஒரு கையே சொல்லியாக வேண்டும். கை இருக்கும் பக்கம் திரும்புவது எளிது, நேராக நீட்டினால் போதும். மறுபக்கம் திரும்புவதைத்தான் எப்படிச் சொல்வது என்பதில் சிக்கல்.

இந்தியாவில் 1989-இல் வந்த சாலை விதிமுறைகள் இந்தச் சிக்கலை அசைவால் தீர்த்தன. வலது கையை நேராக நீட்டினால் வலப்பக்கம். நீட்டிய கையை எதிர்ச்சுற்றாகச் சுழற்றினால் இடப்பக்கம். உள்ளங்கை கீழே பார்க்க, கையை மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைகிறது. முன்கையைச் செங்குத்தாக உயர்த்தினால் நிற்கப்போகிறது. நீட்டிய கையை முன்னும் பின்னுமாக அரைவட்டமாக வீசினால், பின்னால் வருபவர் முந்தலாம். எதிர்ச்சுற்றைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு பொருத்தம் தெரிகிறது. பின்னாலிருந்து பாருங்கள்: வட்டத்தின் மேல்பாதியில் கை வலமிருந்து இடமாகப் போகும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பகுதியில் கை போகும் திசையே வண்டி போகப்போகும் திசை.

இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள அமெரிக்காவில் அதே சிக்கலை நிலையால் தீர்த்தார்கள். இடது கை நேராக இருந்தால் இடம். முழங்கையை மடக்கி மேலே உயர்த்தினால் வலம். கீழே தொங்கவிட்டால் வேகக் குறைப்பு அல்லது நிறுத்தம். ஆக, ஜன்னலுக்கு வெளியே செங்குத்தாக நிற்கும் ஒரு முன்கைக்கு ஒரு நாட்டில் 'நிற்கிறேன்' என்று பொருள், இன்னொரு நாட்டில் 'வலப்பக்கம் திரும்புகிறேன்' என்று பொருள்.

அசைவா, நிலையா என்பது சின்ன வேறுபாடாகத் தோன்றலாம். பார்ப்பவருக்கு அது பெரிய வேறுபாடு. நிலையாக இருக்கும் கையை ஒரு பார்வையில் படித்துவிடலாம். அசையும் கையை, அசைவு ஒரு சுற்று முடியும்வரை பார்த்தால்தான் அது வட்டமா, அரைவட்ட வீச்சா என்று தெரியும். அதற்கு ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் அந்த ஒரு நொடியில் 11 மீட்டர் வந்துவிடும். எனக்குப் பின்னால் வந்தவர் பாதிச் சுற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்க வேண்டும்.

ஆனால் அசைவுக்கு வேறொரு பலம் இருக்கிறது. நாம் கூர்மையாகப் பார்ப்பது பார்வையின் நடுவில் ஏறக்குறைய 2 டிகிரி அகலத்துக்குத்தான். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் நகத்தின் அகலத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் மங்கல். அந்த மங்கலான ஓரப் பார்வை எழுத்தையும் முகத்தையும் படிக்காது, அசைவை மட்டும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நேராக நீட்டிய கை ஓரப் பார்வையில் தொலைந்துபோகலாம். சுழலும் கை நம் கண்ணைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

அதோடு, அசைவது மனித உடல் என்றால் மூளை இன்னும் வேகமாக வேலை செய்யும். 1973-இல் சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் யோஹான்சன் ஓர் எளிய சோதனை செய்தார். ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளை வைத்து இருட்டில் நடக்கவிட்டார். பார்ப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான். அந்த ஆள் அசையாமல் நின்றபோது அவை வெறும் புள்ளிகள். நடக்கத் தொடங்கியதும், பார்த்தவர்கள் ஒரு மனிதர் நடக்கிறார் என்று உடனே சொல்லிவிட்டார்கள். இரவில் சைக்கிள் ஓட்டுபவர் முதுகில் மட்டும் பளபளப்புப் பட்டை அணிவதைவிட, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் அணிவது நல்லது என்று சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

தூரம் எவ்வளவு தாங்கும்? ஜன்னலுக்கு வெளியே அரை மீட்டர் நீளம் கை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் தள்ளி வருபவருக்கு அது ஏறக்குறைய முழுநிலவின் அகலத்துக்குத் தெரியும். பகலில் இது தாராளமாகப் போதும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருபவருக்கு அங்கிருந்து 3 நொடி கிடைக்கும். ஆனால் கறுப்புச் சட்டைக்கை, பின்னால் கறுப்பு வண்டி, அந்தி நேரம் என்று சேர்ந்துகொண்டால், அளவு அதேதான் இருக்கும், கை மட்டும் காணாமல் போய்விடும். பார்வைக்கு அளவைவிடப் பின்னணியோடு உள்ள வேறுபாடு முக்கியம்.

விளக்கு வென்றது இந்த இடத்தில்தான். வண்டிகள் அகலமானதும் ஒரு காரணம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் சட்டத்தில் ஒரு சுவையான அளவு இருக்கிறது: ஸ்டீயரிங் தண்டின் நடுவிலிருந்து வண்டியின் இடது விளிம்பு 24 அங்குலத்துக்கு மேல் இருந்தாலோ, வண்டியின் அல்லது பாரத்தின் பின்விளிம்பு 14 அடிக்கு மேல் இருந்தாலோ, கை சிக்னல் போதாது, விளக்கு வேண்டும். கை எவ்வளவு வெளியே வரும், எவ்வளவு பின்னால் தெரியும் என்று அளந்து எழுதிய விதி இது.

தொடக்கத்தில் இயந்திரங்களும் கையைத்தான் நகலெடுத்தன. மௌனப் பட நடிகை ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் 1914 வாக்கில், பொத்தானை அழுத்தினால் பின்பக்கம் உயரும் ஒரு சைகைக் கரத்தைத் தன் காருக்காக உருவாக்கினார். ஐரோப்பியக் கார்களில் 1950-கள் வரைகூட, கதவருகே இருக்கும் தூணிலிருந்து ஒரு சின்ன ஒளிரும் கரம் மின்காந்தத்தால் வெளியே நீளும். விட்டு விட்டு எரியும் விளக்கை ஒரு கார் நிறுவனம் தானே பொருத்தி விற்கத் தொடங்கியது 1939-இல், அது பியூக்.

பழைய வண்டிகளில் அந்த 'டிக்' ஓர் ஈருலோகப் பட்டையின் வேலை. பல்புக்குப் போகும் மின்சாரம் பட்டையைச் சூடாக்கும். அது வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். இப்போதுள்ள மின்னணுச் சுற்று, பல்புகள் இழுக்கும் மின்சாரத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு பல்ப் போனால் மின்சாரம் குறையும். சுற்று வேண்டுமென்றே இரட்டை வேகத்தில் துடித்து ஓட்டுநருக்குச் சொல்லும். நான் கேட்ட படபடப்பு அதுதான். மற்றபடி இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்ன வேண்டும் என்பது விதி.

விளக்கு ஐந்து செய்திகளில் எத்தனையை எடுத்துக்கொண்டது என்று எண்ணிப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. வலமும் இடமும் முழுமையாக வந்தன. வேகக் குறைப்பும் நிறுத்தமும் பிரேக் விளக்காகச் சுருங்கின. பிரேக் விளக்கு எரிவது பிரேக்கை மிதித்த பிறகு; மேலும் கீழும் அசையும் கை, மிதிப்பதற்கு முன்பே 'குறைக்கப்போகிறேன்' என்று சொல்லும். 'முந்திச் செல்லுங்கள்' என்பதற்கு விளக்கே கிடையாது. அதனால் லாரி ஓட்டுநர்கள் இண்டிகேட்டரையே அதற்கும் பயன்படுத்துகிறார்கள்: இந்தியாவில் வலது இண்டிகேட்டர், மெக்சிகோவில் இடது இண்டிகேட்டர். இரண்டு நாட்டிலும் அதே விளக்குக்கு 'நான் அந்தப் பக்கம் திரும்புகிறேன்' என்றும் பொருள் உண்டு. முந்தலாம் என்று நினைத்து ஏறுகிறவர் மேலேயே லாரி திரும்பக்கூடும். கையில் இவை தனித்தனிச் சைகைகளாக இருந்தன.

கார் ஓட்டுபவர் கை காட்டும் நாள் அபூர்வமாக வரலாம். சைக்கிள் ஓட்டுபவரோ ஒவ்வொரு திருப்பத்திலும் கையைத்தான் நம்பியிருக்கிறார். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் அவர் கை காட்டுவது சட்டப்படி கடமை. அதனால், ஓட்டுநர் தேர்வில் 'செய்துகாட்டு' என்பதைவிட 'இதைப் பார்த்தால் என்ன புரிகிறது' என்று கேட்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவருக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

சைக்கிளில் ஜன்னல் இல்லை. எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தக் கையை நீட்டினால் போதும். சிக்கல் வேறிடத்தில். நீட்டிய கை பிரேக்கை விட்டுவிடுகிறது. இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டனில் வழக்கமாக வலது பிடியில் முன்பிரேக் இருக்கும். வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் இடது பிடியில். எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்பும் ஆபத்தான திருப்பத்தில், இரண்டு நாட்டிலும் வெளியே நீள்வது முன்பிரேக் கைதான். மிஞ்சுவது பின்பிரேக். அது வண்டியை மெதுவாகத்தான் நிறுத்தும். ஆனாலும் ஒற்றைக் கையால் முன்பிரேக்கை இறுக்கினால் ஹேண்டில்பார் திரும்பிக்கொண்டு ஆளைக் கவிழ்த்துவிடும் என்பதால், மிஞ்சுவது பின்பிரேக்காக இருப்பதும் நல்லதுதான்.

மேலும், சைக்கிள் வளைவில் சாயும்போது இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தால்தான் பிடிமானம். ஆகவே ஓட்டுபவர் முன்கூட்டியே திரும்பிப் பார்த்து, இரண்டு மூன்று நொடி கையை நீட்டிவிட்டு, திரும்புவதற்கு முன்பே கையை உள்ளே எடுத்துக்கொள்கிறார். வண்டியைக் கட்டுப்படுத்தக் கை தேவைப்பட்டால் தொடர்ந்து காட்ட வேண்டியதில்லை என்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் சட்டமும் ஒத்துக்கொள்கிறது. இண்டிகேட்டர் திரும்பி முடிக்கும்வரை மின்னிக்கொண்டே இருக்கும். சைக்கிள்காரரின் கை அந்த இரண்டு மூன்று நொடிக்குத்தான் தெரியும். திருப்பம் தொடங்கும்போது பின்னால் வருபவருக்குத் தெரிவது, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள் மட்டுமே.