பர்லியாரில் வாங்கிய முள் சீத்தா இலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேத்தியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் கையில் ஒரு பாக்கெட்டோடு வந்தார். காயவைத்த முள் சீத்தா இலை, பர்லியார் பக்கம் ரோட்டோரக் கடையில் வாங்கியது. அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய். கோவையில் கீமோ நடக்கிறது, இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது, முடி கொட்டி, சாப்பாடு இறங்காமல் ஆளே பாதியாகிவிட்டார். "தம்பி, கீமோவைவிட பத்தாயிரம் மடங்கு வேலை செய்யும்னு வாட்ஸ்அப்புல வந்திருக்கு. அதை நிறுத்திட்டு இதைக் காய்ச்சிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

மூலிகை எக்ஸ்ட்ராக்ட்களை, அதாவது செடியிலிருந்து இறக்கிய சாரங்களை, புற்றுநோய் செல்கள் மேல் சோதிப்பதுதான் ஊட்டியில் என் வேலை, அதனால் அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1996-ல் அமெரிக்காவில் முள் சீத்தா விதையிலிருந்து ஒரு தனி வேதிப்பொருளைப் பிரித்து, எச்டி-29 என்ற பெருங்குடல் புற்றுநோய் செல்கள் மேல் போட்டு, அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தோடு ஒப்பிட்டார்கள். அங்கே கிடைத்த எண் அது. இலை இல்லை, கஷாயம் இல்லை, நோயாளியும் இல்லை.

எங்கள் சோதனை எப்படி நடக்கும் என்று அவருக்குச் சொன்னேன். 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிகளில் செல்களை வளர்த்து, எக்ஸ்ட்ராக்ட்டை வெவ்வேறு அளவில் விட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் கரைசலைச் சேர்ப்போம். உயிரோடிருக்கும் செல்லின் என்சைம்கள், அதாவது வேதிவினைகளை நடத்தும் புரதங்கள், அதை ஊதாவாக மாற்றும், ஊதா குறைந்தால் செல் செத்திருக்கிறது என்று கணக்கு. ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினாலும் ஊதா வராது! அதனால் சாதாரண செல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செல்லே இல்லாத குழியில்கூட சில எக்ஸ்ட்ராக்ட்கள் தாமாகவே எம்டிடியை ஊதாவாக்கிவிடும், அதற்கும் தனிக் குழி வேண்டும். எக்ஸ்ட்ராக்ட் ஒரு என்சைமைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் வேறு தொல்லை. துவர்ப்புள்ள எக்ஸ்ட்ராக்ட்டில் இருக்கும் டானின் எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும், எந்த என்சைமை வைத்தாலும் தடுத்தது போலவே காட்டும். நல்ல ரிசல்ட் வந்த நாளில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம் வரும்.

முள் சீத்தாவில் உண்மையிலேயே விஷயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அதிலுள்ள அனோனாசின் என்ற வேதிப்பொருள், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் காம்ப்ளக்ஸ்-1 என்ற என்சைமைத் தடுக்கிறது. சக்தி கிடைக்காத செல் சாகும். ஆனால் அந்த என்சைம் மூளையின் நரம்பு செல்லிலும் இருக்கிறதே. கரீபியனில் குவாடலூப் தீவில், இந்தப் பழமும் இலைக் கஷாயமும் வழக்கமாக எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற, ஆனால் அதன் மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத நோய் அதிகம் இருப்பதாக 1999-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். இதுதான் காரணம் என்று முடிவாக நிறுவவில்லை. ஆனால் எலிகளுக்கு அனோனாசின் தொடர்ந்து ஏற்றியபோது மூளை செல்கள் செத்தன. எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவது வேறு, தினமும் கஷாயம் குடிப்பது வேறு.

"அப்போ செடியிலிருந்து மருந்தே வராதா?" என்றார். வரும், வந்திருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் நோத்தபோடைட்டிஸ் மரத்தில் கேம்ப்டோதெசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, செல் பெருகத் தேவையான டோபோஐசோமரேஸ்-1 என்ற என்சைமை முடக்குவது. 1966-ல் ஒரு சீன மரத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். அதன் சோடியம் உப்பை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையில் இரத்தம் கசிந்தது, நிறுத்தினார்கள். மூலக்கூறை மாற்றி மாற்றி டோபோடீகன், இரினோடீகன் என்று இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1996-ல். முப்பது வருஷம்! மரத்தை வெட்டிக் கஷாயம் போட்டிருந்தால் நடந்திருக்காது, காடுதான் போயிருக்கும்.

சரி, கீமோவோடு சேர்த்துக் கொடுக்கலாமா? அதுவும் ஆபத்துதான். பல மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல் என்சைம்கள். கிரேப்ஃப்ரூட் என்ற புளிப்புப் பழத்தின் சாறு குடலில் அப்படி ஒரு என்சைமைத் தடுப்பதால் சில மாத்திரைகளின் அளவு இரத்தத்தில் ஏறிவிடுவது நன்றாகத் தெரிந்த விஷயம். மூலிகையும் அப்படிச் செய்யலாம், அப்போது கணக்குப் போட்டு ஏற்றிய கீமோ கூடிப்போகும், இல்லை குறைந்துபோகும்.

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. அண்ணி சாப்பிட முடியாமல் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு என் குழித்தட்டுக் கதை போதாது என்று எனக்கே புரிந்தது. வாந்திக்கும் பசியின்மைக்கும் தனியாக மருந்து இருக்கிறது, கேட்டால் எழுதித் தருவார்கள் என்று சொல்லி, என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன். அந்தத் தாளையும் இலைப் பாக்கெட்டையும் கீமோ ஃபைலுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தேன், அடுத்த முறை டாக்டர் மேஜையில் முதலில் அதை எடுத்து வைக்கச் சொல்லி.